நான் உட்காராத ஊஞ்சல்

11-6-2006, ஞாயிறு

மரவாடிக்காரர் தைப் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளும் சும்மாவே கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத விஷயம் சேர்ந்திருக்கிறது.

பேத்தி கலைவாணி எம்.காம். முதல் வருஷத்தை முதல் வகுப்பில் முடித்துவிட்டாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் முதலில் ஸ்கூட்டி ஓட்டிய பெண்ணும் இவள்தான். மகள் இந்திராணியின் பெரியவன் சிட்டிபாபு பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலையில் சேர்ந்துவிட்டான். அவளுடைய சின்னது தேவாரப் போட்டியில் மாவட்டத்துக்கே முதல். கலெக்டர் கையால் குத்துவிளக்கு வாங்கியது. இவர்கள் எல்லாருக்கும் மேலே கலைவாணியின் அண்ணன், என் மகன் தர்மனின் பிள்ளை தினேஷ். பி.இ. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, போகவர கம்பெனி வண்டி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேரன்.

அவன் நம் தச்சுப் பட்டறை வெப்சைட்டைப் புதுசாகச் சீர்படுத்தியிருக்கிறான். பழையது அவன் சிநேகிதன் செய்தது. பாதி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். போன் நம்பரில் ஒரு எண்ணையே காணோம். யார் கூப்பிடுவார்கள்? போன வாரம் கேமராவோடு வந்து, உத்தரத்தில் தொங்கிய புது ஊஞ்சலில் என்னை உட்கார வைத்துப் படம் எடுத்தான்.

"ஆயா, நம்ம வீட்டு வழக்கத்தை உன் வாயால சொல்லு, அப்படியே போடறேன்" என்றான்.

சொன்னேன். எங்கள் பட்டறையில் எந்த ஊஞ்சல் முடிந்தாலும், வீட்டுக்கு மூத்தவள் உட்கார்ந்து ஆடிப் பார்க்காமல் வாசல் தாண்டாது. பலகை முனகினால் திரும்ப இழைப்புளிக்குப் போகும். என் மாமியார் உட்கார்ந்தாள், பிறகு நான். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய வருஷத்தில் சொந்தக்காரர்கள் வார்த்தையை மென்று முழுங்கவில்லை, நேராகவே சொன்னார்கள், தாலி இழந்தவள் உட்கார்ந்த ஊஞ்சல் கல்யாண வீட்டுக்கு ஆகாது என்று. தர்மன் எழுந்து நின்று, "எங்க அம்மா உட்காராத ஊஞ்சலு என் பட்டறையை விட்டுப் போவாது" என்றான். அன்றைக்கு அவனைப் பெற்ற வயிறு குளிர்ந்தது.

18-6-2006

கலைவாணி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். படம் ஒரேயடியாக வராதாம். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் கொண்டை, பிறகு விபூதி, பிறகு மூக்குத்தி. கடைக்காரப் பையனிடம், "இருப்பா, இன்னும் நான் முழுசா வரல" என்றேன். சிரித்தான்.

படத்துக்குக் கீழே என் வார்த்தை: 'ஆயா உட்கார்ந்து பார்த்த பிறகே எங்கள் ஊஞ்சல் உங்கள் வீட்டுக்கு வரும்.' ஆயா என்றே போட்டிருக்கிறான். கண் நிறைந்துவிட்டது.

பட்டறை போன் நம்பர் இல்லையே என்று கேட்டதற்கு, "அண்ணன் செல் நம்பர் இருக்குது ஆயா. அப்பா கைவேலையில இருக்கும்போது தொல்லை கூடாதுன்னு" என்றாள் கலைவாணி. எவ்வளவு யோசனை அந்தப் பிள்ளைக்கு!

13-8-2006

வெப்சைட் பிரமாதம் என்கிறான் தினேஷ். பட்டறையில் மட்டும் எப்போதும்போல ஒன்றிரண்டு கதவு, ஒரு பூஜை மண்டபம். ஆடி முழுக்க நான் ஒரே ஒரு ஊஞ்சலில்தான் உட்கார்ந்தேன். தர்மனைக் கேட்டால், "வரும்மா, வரும்" என்று மரத்தைப் பார்த்துப் பேசுகிறான்.

எதிர்வீட்டுத் தறிக்காரம்மா, "என்னாம்மா, உன் பேரன் கம்ப்யூட்டர்ல உன்னை ஆட்டிக்கினு இருக்கிறானாமே" என்று கேலி செய்தாள். செய்யட்டும். பொறாமை.

20-9-2006, புதன்

 இன்றைக்கு எழுதாமல் படுக்க முடியாது.

மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மடிசார் கட்டிய ஒரு மாமி இறங்கினாள். சின்ன காஞ்சிபுரம், வரதர் கோயில் பக்கம், பெயர் நாமகிரி என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே அது? படத்துல இருக்கேளே!"

"நான்தாம்மா. வாங்க, உட்காருங்க" என்றேன். சொன்னால் என்ன, மனசுக்குள் சந்தோஷம்தான். இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறார்களே என்று.

"உட்கார்றதுக்கு வரலை. எங்க பிள்ளை ஸுதர்சன் அமெரிக்காலேர்ந்து உங்க சைட்டைப் பார்த்து எங்களுக்கு ஊஞ்சல் ஆர்டர் பண்ணினான். 'அம்மா, நம்ம ஊர்க்காரா, அந்தப் பாட்டியே உட்கார்ந்து பார்த்து அனுப்பறாளாம்'னான். நேத்திக்கு இவர் உட்கார்ந்து பேப்பர் படிச்சிண்டிருந்தார். சங்கிலி மாட்டற வளையம் பலகையிலேர்ந்து பிடுங்கிண்டு வந்து அப்படியே சாஞ்சுட்டார். மணிக்கட்டு ரெண்டா போயிடுத்து. எழுபத்திரண்டு வயசு அவருக்கு. நீங்க எப்படி உட்கார்ந்தேள் அதுல? சொல்லுங்கோ!"

சின்ன காஞ்சிபுரத்துக்கு எங்கள் பட்டறையிலிருந்து இந்த வருஷம் ஊஞ்சலே போகவில்லை. அதைத்தான் சொன்னேன். அவள் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு உடைந்த துண்டை இறக்கச் சொன்னாள்.

மேலே பார்த்தால் தேக்கு. ஆனால் தேக்கின் தோல்தான். உடைந்த இடத்தில் அப்பளக் கட்டுபோல அடுக்கடுக்காக ஒட்டுப்பலகை. ஓரத்தில் ஒட்டின பட்டை கையோடு உரிந்து வந்தது. ஆனால் முகப்பில் எங்கள் பட்டறைப் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், 'வேலாயுதம்' என்று மெஷினில் செதுக்கியிருந்தது.

"இது எங்க வேலை இல்லம்மா."

"அப்போ பேர்? அப்போ உங்க படம்?" என்றாள்.

பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தர்மன் உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. எனக்கு இழைப்புளிச் சத்தம் மட்டும் கேட்டது.

21-9-2006

சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, வீட்டில் விஷயம் முன்பே தெரியும் என்று.

22-9-2006

இன்றைக்குக் கேட்டேவிட்டேன். "உனக்குத் தெரியுமா தர்மா?"

இழைப்புளி நின்றது. "தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"சைட்டை மாத்தின நாள்லேர்ந்து. அவனுக்குக் கம்பெனி வேலை போயிடுச்சும்மா, பொங்கல் முடிஞ்ச கையோட. வேற எதுவும் கிடைக்கல. இதுல ஆர்டர் வர ஆரம்பிச்சுது, என் ஒரு கையால முடியுமா? வெளியூர்ல ஒரு மெஷின் பட்டறை புடிச்சான். அங்கேர்ந்து நேரா லாரியில போயிடும்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"எப்படிம்மா சொல்றது? கண்ணாடிக் கட்டடம், கழுத்துல அட்டைன்னு நீ தெரு முழுக்க சொல்லிக்கினு வர்றே. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படி சொல்றது?"

அப்படியென்றால் தப்பு என் பெருமையிலா? பேரனைப் பற்றி நாலு பேரிடம் சொன்னது குற்றமா? வேலை போனால் போகட்டும், நான் என்ன அவனை வாசலில் நிறுத்திவிடுவேனா? பொங்கலிலிருந்து இந்த வீட்டில் எல்லார் வாயிலும் ஒரே பொய், நான் ஒருத்தி நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு—

அன்றைக்கு எழுந்து நின்று சொன்னானே, எங்க அம்மா உட்காராத ஊஞ்சல் போவாது என்று. அதே தர்மன். ஊஞ்சலிலிருந்து என்னை இறக்கியது சொந்தக்காரர்கள் இல்லை, இவன்.

24-9-2006, ஞாயிறு

தினேஷ் வந்தான். காலைத் தொட்டுக் கும்பிட வந்தான், காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஆயா, எல்லா இடத்துலயும் இப்படித்தான் நடக்குது. பேரு ஒருத்தர்து, வேலை வேற ஒருத்தர்து. அதுக்கு அவுட்சோர்சிங்னு பேரு."

"பேரு எதுவா வேணாலும் இருக்கட்டும். நான் உட்கார்ந்தனா?"

"நீ உட்காந்தா மட்டும் பலகை இரும்பாயிடுமா ஆயா?"

"ஆவாது. முனகுதா இல்லையான்னு தெரியும். இது முனகி இருக்கும்டா, நான் உட்கார்ந்த உடனே முனகி இருக்கும். அந்த மனுஷன் கை உடைஞ்சிருக்காது."

சாக்குச் சொல்ல ஆரம்பித்தான். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வந்ததும் வாங்குவது யாரோ அமெரிக்காக்காரன் என்றே நினைத்திருக்கிறான். எந்த வீட்டுக்குப் போகிறது என்று விலாசத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே மெஷின் பட்டறைக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். உள்ளூர் என்று பார்த்திருந்தால் இந்த ஒன்றையாவது அப்பனைச் செய்யச் சொல்லியிருப்பானாம். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறான்! அப்போ வெளியூர்க்காரர்கள் விழலாமா?

"இந்த மாதிரி எத்தனை போச்சு?"

"பத்து, பன்னண்டு இருக்கும்."

பத்து வீட்டிலும் குழந்தைகள் இருக்கும். பலகையில் ஏறி நின்று ஆடும். அந்த வீடுகளை நம்ப வைத்தது என் படம்.

"என் படத்தை எடு. இந்த உடைஞ்ச பலகையைப் பக்கத்துல வெச்சு வேற படம் புடி. இதுல ஆயா உட்காரலன்னு எழுது. வாங்கினவங்க யாரும் உட்காராதீங்க, எழுதுங்க, வேற செஞ்சு தர்றோம்னு போடு."

"அப்படிப் போட்டா சைட்டே காலி ஆயா. அத்தோட பட்டறை பேரும் போச்சு."

"காலியாவட்டும். நீ என்னை உட்கார வெச்சு அனுப்பினியே, அப்பவே போச்சு."

சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். கலைவாணி அழுகிறாள். அவளுக்கும் தெரியாது என்கிறாள். நம்புகிறேன். வேறு யாரை நம்ப?

25-9-2006

சைட்டுக்குள் போகும் ரகசிய வார்த்தை அவனிடம் மட்டும்தான் இருக்கிறதாம். என் படம் அங்கே இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. என் முகத்தை எடுக்க எனக்கு வழி இல்லை.

28-9-2006

நேற்று தினேஷுக்குப் போன் போட்டு, "நாளைக் காலையில நீ வரலன்னா, நான் சென்னைக்கு வந்து உன் வீட்டு வாசல்ல உட்காருவேன்" என்றேன். வந்தான். கேள்வி கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி நாமகிரி மாமி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அவள் வீட்டுக்காரர் அழகியமணவாளன், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். கூடத்தில் சங்கிலி மட்டும் தொங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீதான் அந்தப் பேரனா? வா, உட்காரு" என்றார். "படம் ரொம்ப நன்னா எடுத்திருக்கேப்பா. அந்த முகத்தைப் பார்த்துட்டு யாருக்கும் சந்தேகமே வராது. எனக்கும் வரலை."

அவ்வளவுதான். மாமி காப்பி கொண்டு வந்தாள். தினேஷ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து கேமராவை எடுத்தான். "எங்க நிக்கிற ஆயா?" என்றான். உடைந்த பக்கம் தெரியும்படி பலகையைத் தூக்கிப் பிடித்தேன். சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லவில்லை.

30-9-2006

போட்டுவிட்டான். பிரவுசிங் சென்டரில் மேலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன். கொண்டை, விபூதி, பிறகு அந்த அப்பளக் கட்டு. கடைக்காரப் பையன் எதுவும் பேசவில்லை.

19-11-2006

கோயமுத்தூரிலிருந்து அந்தப் பலகைகளில் ஒன்று திரும்பி வந்தது. வளையம் அரை அங்குலம் தூக்கியிருந்தது. கூடவே ஒரு சீட்டு: 'எங்கள் குழந்தை தினமும் இதில்தான் ஆடும். சொன்னதற்கு நன்றி.'

படித்துவிட்டுத் தினேஷிடம் கொடுத்தேன். அவன் இப்போது இங்கேதான் இருக்கிறான், பட்டறையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டு. தெருவில் கேட்டால், "பேரன் அப்பன்கூட வேலை செய்யறான்" என்கிறேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

தர்மன் வாத்தியார் வீட்டுக்கு ஒரே மரத்தில் பலகை செய்தான். முடிந்ததும், "அம்மா" என்று கூப்பிட்டான். போய் உட்கார்ந்தேன், ஆடினேன், இறங்கினேன். "போவட்டும்" என்றேன். முன்பெல்லாம் ஆடிக்கொண்டே அவனோடு கதை பேசுவேன்.

4-3-2007, ஞாயிறு

புது டைரி யாரும் கொடுக்கவில்லை. பழையதின் கடைசித் தாளில் எழுதுகிறேன்.

போன பலகைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. பெங்களூர்க்காரர் மட்டும் பதில் போடவில்லை. அவர் பதில் போடும்வரை சைட்டில் போட்ட எச்சரிக்கை எழுத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்குத் தினேஷ் தானே இழைத்த முதல் பலகையை உத்தரத்தில் மாட்டினான். தர்மன் கிட்டே வரவில்லை, தூரத்திலேயே நின்றான். கலைவாணி கேமராவைத் தயாராக வைத்திருந்தாள். "ஆயா, சைட்டைத் திறந்தா உடைஞ்ச பலகைதான் மொதல்ல வருது. எழுத்து இருக்கட்டும், படத்தை மட்டுமாவது மாத்தலாம். உட்காரு."

உட்கார்ந்தேன். காலால் தள்ளினேன். இடது பக்கம் மெல்ல முனகியது. எனக்கு மட்டும் கேட்கிற அளவுதான்.

இறங்கிவிட்டேன். தினேஷ் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

"செஞ்சுட்றேன் ஆயா" என்று பலகையைக் கழற்றப் போனான்.

"இரு, கழட்டாதே" என்றேன். கலைவாணியிடம் சொன்னேன்: "படம் எடுத்துக்கோ. ஊஞ்சலு காலியா இருக்கட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன். இந்தப் புதுப் படத்தைப் போட்டுடும்மா. நான் உட்கார்ந்தாப்போல மட்டும் போட்டுடாதே."