"நல்ல விலை" என்று சொன்ன தம்பிக்கு

என் செல்லத் தம்பி ராசுவுக்கு,

நீ போன பிறகு இரண்டு முறை பூண்டு எடுத்துவிட்டோம். வில்பட்டியில் இந்த வருடம் மழை முந்திக்கொண்டது, மற்றபடி எல்லாரும் சுகம். உன் மேல் எனக்கிருந்த கோபம் போன வாரம்தான் தீர்ந்தது.

அந்த மனு விஷயம்தான். வெளிநாட்டு அரசு ஒன்று ஏற்றுமதிக்கு மானியம் கொடுக்க, மலிவுப் பூண்டு இங்கே வந்து குவிந்ததே. உலக வணிக விதிப்படி அப்படிக் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த மானியத்தை ஈடுகட்ட நம் அரசு அந்தப் பூண்டின் மேல் எதிர்வரி போட வேண்டுமென்றால், அதனால் நமக்குப் பாதிப்பு என்று நாம்தான் காட்ட வேண்டும். அதற்குத்தான் மனுப் போட்டோம்.

டெல்லி அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்தார்கள். முதலில் உன்னைத்தான் கேட்டார்கள். நீ மடித்த வேட்டியை இறக்கிவிட்டு, "கொறை ஒண்ணுமில்லங்க, நல்ல வெளச்சல், நல்ல வெல" என்றாய். பின்னால் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மண்டியில் வாய் தவறிக் கஷ்டம் என்று சொன்னால் அடுத்த நிமிஷமே விலை இறங்கும். அதனால் நாம் எப்போதும் சிரித்தே பழகியவர்கள். அதிகாரியையும் வியாபாரி மாதிரியே நினைத்துவிட்டாயா?

பாதிப்புக்கு ஆதாரமில்லை என்று மனு தள்ளுபடியானது. அப்புறம் நீ யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் நெஞ்சு வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஒரு வார்த்தை உன்னை எவ்வளவு அரித்தது என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

இப்போது மறுபடியும் மனுப் போட்டிருக்கிறோம். போன வாரம் கொடைக்கானலில் விசாரணை. என்ன விலை கிடைக்கிறது என்று அதிகாரி என்னைக் கேட்டார். நம் பூண்டை வாங்குகிற வியாபாரி முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கும் நல்ல விலை என்றுதான் வாயில் வந்தது, ராசு. அந்த நொடியில்தான் உன் மேலிருந்த கோபம் போனது.

"வெதைக்குப் போட்ட காசே திரும்பலங்க. பாதித் தோட்டம் சும்மா கெடக்கு" என்றேன். எனக்குப் பிறகு உன் மனைவி சரசு எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க. எழுதிக்கங்க" என்றாள்.

அதன் பிறகு எல்லாரும் வரிசையாக எழுந்தார்கள். மறுநாளே வியாபாரி விலையைக் குறைத்தார். குறைத்தால் குறைக்கட்டும்.

முடிவு இன்னும் வரவில்லை. டெல்லிக்குக் கூப்பிட்டாலும் போவேன், தோற்றால் மறுபடி போடுவோம். வியாபாரியே எதிரில் நின்றாலும் நட்டத்தை நட்டம் என்றே சொல்வேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா பேச்சியம்மாள்