பச்சைக் கட்டத்தில் வைத்த புள்ளி

அக்கா,

இன்று காலை சத்துமாவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வறுத்த கோதுமையும் வெல்லமும் கலந்த அந்த வாசனை வந்ததும், "டீச்சர், கையக் கழுவிக்கினு வாங்க" என்பீர்களே, அதற்காகத் திரும்பிப் பார்த்தேன். அடுப்பருகே புதுப் பெண் நின்றிருந்தாள். நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் புத்திக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை.

நம் சேக்காட்டு அங்கன்வாடியில் நான் டீச்சர், நீங்கள் சமையல். பேருக்குத்தான். எனக்கு எழுதத் தெரியும். பிள்ளைகளைப் பார்க்கத் தெரிந்தது உங்களுக்கு.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்தின் பாப்பா நினைவிருக்கிறதா? உப்பிய கன்னம், செம்பட்டை முடி. தராசில் உட்கார வைத்தேன், எடை சரியாக இருந்தது. வளர்ச்சி அட்டையின் பச்சைக் கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டு, "கொழுகொழுன்னு எவ்ளோ அழகு!" என்று கன்னத்தைக் கிள்ளினேன். பாப்பா சிரிக்கவே இல்லை.

நீங்கள்தான் அவள் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினீர்கள். "இன்னா டீச்சர் இது? பள்ளம் உழுந்தது அப்டியே கீதே! இது சதை இல்ல, தண்ணி."

பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய உலக வரைபடத்தைச் சொன்னேன். புரதம் இல்லாமல் உடம்பு வீங்குவதெல்லாம் பெரும்பாலும் ஆப்பிரிக்கா பக்கம், நம் பக்கத்துப் பிள்ளைகள் மெலிந்துதான் போவார்கள் என்றேன். முறைத்தீர்கள்.

"படத்துல இல்லன்னா வராதா? அவங்கம்மாவக் கேளுங்க. வெறும் கஞ்சித் தண்ணியும் டீயும்தான் குடுத்துகினு கீது."

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். நாளைக்கு! மறுநாள் போனால் அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகை காலி. வேறு வேலைக்கு லாரியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. பாப்பாவுக்காக அவித்துக் கொண்டுவந்த முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி நடந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அக்கா.

அந்தப் புள்ளி இன்னும் பச்சையிலேயே இருக்கிறது. திருத்த வேண்டுமென்றால் பாப்பா வேண்டுமே. உலக வரைபடத்தில் இந்த வீக்கம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று தீட்டிய நிறங்களை இப்போது நம்ப முடியவில்லை. அதற்குக் கணக்குக் கொடுத்தவர்களில் என்னைப் போல் தப்பாகப் புள்ளி வைத்தவர்கள் எத்தனை பேரோ. என்னால் என்ன செய்ய முடியும்?

இப்போதெல்லாம் புள்ளி வைக்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் அழுத்திப் பார்க்கிறேன். சதை எழும்பும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. அந்தப் பாப்பாவின் பாதத்துப் பள்ளம் எழும்பியதா, இல்லையா? நான் யாரிடம் போய்க் கேட்பேன், அக்கா?