மேற்கே போகாத தண்ணீர்

கார்த்திகை 6, சனிக்கிழமை

என் கண்ணு சிவப்பிரகாஷுக்கு அம்மா எழுதுகிறேன். மாகாளியம்மன் காவலில் நானும் உங்கப்பாவும் உன் தங்கை ஜீவிதாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஊர் வெயிலிலும் ஏசிக் குளிரிலும் உன் உடம்பு கெடாமல் இருக்க அவளையே தினம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் ஊம் கொட்டுகிறேன், நான் வாய் திறக்கும்போது உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. ஆறுச்சாமி அண்ணன் மகன் நாளை சாயங்காலம் கோயமுத்தூரில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதையும் ஒரு பாட்டில் நெய்யும் பருப்புப்பொடியும் கொடுத்துவிடுகிறேன். ஐப்பசி மழை இந்த வருஷம் குறை வைக்கவில்லை, கிணற்றில் மேல்படி நனைந்திருக்கிறது. எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உங்கப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை, ஆனாலும் மருந்தைத் தடவச் சொன்னால் பாட்டிலைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் முன்னே வந்த வீடியோவை யாரோ உனக்கு அனுப்பிவைக்க, போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். ஜீவிதா முழங்கால் வரை சேறும் கையில் மம்பட்டியுமாக நிற்கிறாள், அவள் வாத்தியார் சுவக்கீன் சார் வேப்பமரத்தடியில் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "நான் இங்க கெடந்து சாகறது அவ மண்ணு வெட்டறதுக்கா" என்று கேட்டாய். அந்த ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டாய். கிறிஸ்துமஸ் லீவுக்குள் டி.சி. வாங்கி டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட வேண்டும், வேனுக்கும் பீசுக்கும் நீ அனுப்புவாய் என்றாய். நான் பதில் சொல்வதற்குள், சந்தேகமிருந்தால் கோயிலில் பூப்போட்டுப் பார், வெள்ளைப்பூ வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடித்துவிட்டாய். அம்மன் சொன்னால் அம்மா தட்டமாட்டாள் என்று உனக்குத் தெரியும், கெட்டிக்காரன்தான் நீ. உங்கப்பாவும் "அவன் சொல்றதும் நாயந்தானே" என்று மறுநாளே பள்ளிக்கூடம் போய் டி.சி. கேட்டு எழுதும் தாளை வாங்கி வந்துவிட்டார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பிள்ளைக்குப் பொறுப்பான ரட்சகர்த்தா என்று கையெழுத்துப் போட்டவள் நான், அதனால் இப்போதும் என் கையெழுத்துத்தான் வேண்டுமாம். அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. காலியாகத்தான் இருக்கும். ஏன் என்று கேள்.

ஓணம் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் சுவக்கீன் சார் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரையும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிவரச் சொல்லியிருக்கிறார், எது சரியில்லை என்று பாருங்கள், எதைச் சரிசெய்யலாம் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள், நான் சொல்லமாட்டேன் என்று. பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுக் கைகழுவும் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு நினைவிருக்கும், மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவும் தண்ணீர் அங்கேயே குட்டையாக நின்று கொசு மொய்க்கும், சின்னதுகள் வழுக்கி விழும். அந்தத் தண்ணீரை ஓட்டிக்கொண்டுபோய்க் கீரைப்பாத்திக்கு விடுவது என்று முடிவு. எவ்வளவு தண்ணீர் வரும் என்று சார் கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை, அதனால் இவர்கள் வாளியை வைத்து அளந்திருக்கிறார்கள். ஒரு வாளியில் ஐந்து தட்டு கழுவலாம், பள்ளியில் அறுபது பிள்ளைகள், அப்படியானால் பன்னிரண்டு வாளி என்று ஜீவிதா சோறு தின்றுகொண்டே என்னிடம் சொன்னாள். ஐந்தாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னால் கண்ணில் தண்ணீர் விட்ட பிள்ளை இது, உனக்குத் தெரியாததல்ல, போன வருஷம் வீடியோ காலில் நீ சொல்லிக்கொடுக்கப்போய் அவள் போனைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தாளே.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன், மறைக்கமாட்டேன். வாய்க்காலை எந்தப் பக்கம் வெட்டுவது என்று அவள் கேட்டாள். எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. இருபத்தேழு வருஷம் இந்தக் காட்டில் மடை மாற்றுகிறேன், நம் ஊர்த் தண்ணீர் கிழக்கேயிருந்து மேற்கேதான் போகும், ஆறும் அப்படி, வாய்க்காலும் அப்படி. மேற்கே வெட்டு என்று சொல்லிவிட்டேன். அம்மா சொன்னாள் என்று அவளும் மற்ற பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் மேற்கே வெட்டியிருக்கிறாள். தண்ணீர் பாதி தூரம் போய் நின்று, திரும்பி வந்து, கரையுடைந்து சமையல்கூடத்து வாசலில் ஏறிவிட்டது. சமைக்கிற பொன்னாத்தாள் அக்கா கரண்டியோடு வந்து, குளம் வெட்டுகிறீர்களா பள்ளிக்கூடம் வருகிறீர்களா என்று வைதாளாம். சாயங்காலம் ஜீவிதா புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று, "நீ சொன்ன பக்கம் தண்ணி போவவே மாட்டேங்குது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை, சார்மேல். மறுநாள் பால் ஊற்றிவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனேன். "ஏனுங்க சார், புள்ளைங்க தப்பா வெட்டறது உங்க கண்ணுல படலீங்களா, மூணு நாளா வேடிக்கை பார்த்தீங்களா" என்று கேட்டேன். நீ போனில் கேட்டது ஞாபகம் வருகிறதா, அதையேதான் நானும் கேட்டிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் மேடு பள்ளம் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும் ரெண்டு நாள் சும்மாதான் இருந்திருப்பனுங்க" என்றார். இது என்ன வாத்தியார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நானே மம்பட்டியை வாங்கிச் சரிபண்ணிவிட்டு வருகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகினேன். அப்போது உன் தங்கை குறுக்கே வந்து நின்று, மம்பட்டியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "நீ வேண்டாம்மா, நாங்க பாத்துக்கறம்" என்றாள். பதினோரு பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம் சுற்றுச்சுவர் வேலைக்குக் கொத்தனார் சந்தனம் வந்திருந்தான். அவன் கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற ஒரு நீள ட்யூபில் தண்ணீர் நிரப்பி இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் பிடித்து மட்டம் பார்ப்பதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த ட்யூபைக் கேட்டு வாங்கி, ஒரு முனையைக் குழாயடியில் ஒருத்தி பிடிக்க, இன்னொரு முனையை மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறார்கள். மேற்குப் பக்கம் நாலு விரல் மேடு. புதுக் கட்டிடம் கட்டினபோது கொட்டின மண்ணை அங்கேதான் நிரவியிருக்கிறார்கள், நம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒருவருக்கும் நினைப்பில்லை. தெற்கே முருங்கை மரத்துப் பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் வெட்டிக் கீரைப்பாத்தி கட்டினார்கள், தண்ணீர் போயிற்று. ஊரே மேற்கு என்று சொல்லுகிற தண்ணீரை எட்டு வயசுப் பிள்ளை அளந்து தெற்கே விட்டாள். அன்றைக்கு எடுத்ததுதான் நீ பார்த்த வீடியோ. நீ சேற்றைப் பார்த்தாய். நான் சொல்லாவிட்டால் உனக்கு மீதி எப்படித் தெரியும். இருபத்தைந்தாம் நாள் தண்டுக்கீரை பறித்து, திட்டின அதே பொன்னாத்தாள் அக்கா பருப்புப் போட்டுக் கடைந்து எல்லாத் தட்டிலும் ஊற்றினாள்.

நீ என் நோட்டுப் புத்தகத்தைக் கிண்டல் பண்ணுவாய், மழை எத்தனை உழவு பெய்தது, மோட்டார் எத்தனை மணி ஓடியது, எருமை எத்தனை படி கறந்தது என்று எழுதி அம்மா யாருக்குக் காட்டப்போகிறாள் என்று. இப்போது உனக்குக் காட்டுகிறேன். உன் போன் வந்த அன்றைக்கு உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். ஜூன் மாதம் "ஜீவிதா வயிற்று வலி, பள்ளி போகவில்லை" ஐந்து நாள். ஜூலையில் ஆறு நாள். ஆகஸ்டில் நாலு. கஷாயம் கொடுத்தேன், மந்திரித்தேன், பக்கத்துச் சித்தூரில் டாக்டரிடம் காட்டி ஸ்கேனும் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். ஓணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட அந்த வரி இல்லை. போன மாசம் காய்ச்சலில் படுத்தவள், இன்றைக்கு மடை திறக்கிற முறை என்னுடையது என்று அழுததாக என் கையாலேயே எழுதிவைத்திருக்கிறேன். டாக்டருக்குத் தெரியாதது அந்த நோட்டில் இருந்தது, நான்தான் சேர்த்துப் படிக்காமல் இருந்துவிட்டேன்.

உன்னை நான் குறை சொல்லவில்லை, நீ டவுனில் படித்தாய், நல்ல மார்க்கு வாங்கினாய், உன்னால்தான் இந்த ஊட்டுக்கு ஓடு மாறி கான்கிரீட் வார்ப்பு வந்தது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பதினோராம் வகுப்பில் பம்ப் படத்துக்கு முழு மார்க்கு வாங்கின அந்த வருஷமே நம் மோட்டார் காற்று இழுத்தது. கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கிற புட்வால்வைக் கழற்று என்று உங்கப்பா சொன்னபோது, அது எதுங்கப்பா என்று நீ நின்றாய். படம் வரைந்த கைதான், பொருளைக் கண்டதில்லை. அன்றைக்கு நாங்கள் சிரித்தோம், உனக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்று இப்போதுதான் நினைக்கிறேன். நானும் நாலாவதோடு நின்றவள். மளிகை மடித்து வந்த பேப்பரிலும் கோயில் நோட்டீசிலும் எழுத்துக்கூட்டிப் படித்தேன், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, எனக்கு வேண்டியிருந்தது, தேடிக்கொண்டேன். அப்படி வந்த எழுத்து இத்தனை வருஷத்தில் என்னைவிட்டுப் போகவில்லை. இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை கண்ணு, அது வராமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. நாலாம் வகுப்பு முடிந்தால் அந்தப் பள்ளியில் மேலே வகுப்பு கிடையாது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அப்போது நீயும் நானும் அவளும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். இப்போது, வயிற்று வலி நின்ற இடத்திலிருந்து அவளைப் பிடுங்க நான் விடமாட்டேன்.

இனி பூ விஷயம். நீ சொன்னபடி நேற்று வெள்ளிக்கிழமை குளித்து, விரதமிருந்து, ஜீவிதாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி ராக்கப்பன் நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துணுக்கிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, நான் கண்ணை மூடி நிற்கும்போதே இவளை ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டான். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இவள், எத்தனை தடவை போடுவீர்கள் என்று கேட்டாள். "ஒருக்காதான் கண்ணு, ரெண்டாந்தடவ கேட்டா அம்மன் கோவிச்சுக்கும்" என்றான். "எங்க சாரு ஒருக்கா அளந்தா நம்பப்படாதுன்னாரு" என்றாள். அவன் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான், "அப்ப உங்க சாரையே ட்யூபு கொண்டாந்து அம்மன அளக்கச் சொல்லு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கண்ணை மூடி அம்மனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கப் பார்த்தேன், வாய் வரவில்லை. உன் அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணலாமா என்று கேட்டிருக்கிறேன், நீ கடல் தாண்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறேன், அதெல்லாம் எனக்குத் தெரியாத காரியங்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்ததை அம்மனிடம் கேட்பது, முடிவு எடுக்கப் பயந்துகொண்டு பழியை அவள் தலையில் வைப்பது. அதை நான் செய்யமாட்டேன். பூவைப் பிரிக்க வேண்டாம் என்றேன். கேட்டுவிட்டுப் பார்க்காமல் போவது முறையில்லை என்று ராக்கப்பன் முகம் சுளித்தான். "நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே" என்று சொல்லி, கும்பிட்டு, ஜீவிதா கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பொட்டலம் இதோடு இருக்கிறது. எந்த நிறம் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உன்னிடம் வந்து சேர்வதற்குள் வெள்ளையும் சிவப்பும் வாடி ஒன்றுபோலத்தான் ஆகியிருக்கும். பிரித்துப் பார்த்தாலும் பார், அது உன் இஷ்டம். எது இருந்தாலும் திங்கட்கிழமை காலையில் ஜீவிதா தலைபின்னிக்கொண்டு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாள், நான்தான் கொண்டுபோய் விடுவேன். உங்கப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இன்றைக்கு விடிந்ததும் அவர் நம் சின்ன மம்பட்டிக்குப் புதுக் காம்பு செருகிக்கொண்டிருந்தார், குட்டையான காம்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, வாரத்தில் ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி, நெய்யை ரூமில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நீ வெறுஞ்சோறு தின்னாதே. அம்மன் உன் கூடவே இருப்பாள், என்மேல் கோபம் இருந்தால் அதையும் அவளிடமே சொல்லு. மறக்காமல் ஒரு வேலை செய்யணும், ஜீவிதா நூறு தடவை சொல்லி எழுதச் சொல்கிறாள். உன் ரூம் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று அவளுக்குத் தெரியணுமாம். ஒரு நாள் அளந்தால் போதாது, அண்ணனை மூன்று நாள் அளக்கச் சொல்லு என்கிறாள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் அம்மா,
பழனாத்தாள்