தேநீர் கொடுத்து அனுப்பியவள்

டனீடின்
4 மார்ச் 1974

அன்புள்ள மெரெயானாவுக்கு,

நீ அனுப்பிய காய்ந்த சுறா வந்தது. வீடு முழுக்க உன் அண்ணன் பரடேனின் வாசனை. ஜன்னலைத் திறக்கவில்லை.

அவர் இறந்து ஏழு மாதம். கல்லறைக் கல்லை மூடிய துணியை விலக்கும் திறப்புச் சடங்கு எப்போது என்று நீ எழுதவே இல்லை. நான் வரலாமா?

சாவன்று உங்கள் ரேவி பெரியப்பா என் வாசலில் நின்று உடலைக் கேட்டுக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "இவன் எங்க புள்ள. இத்தன வருசம் வெச்சிருந்தே, போதும். குடு!" எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன். பரடேனையும் கொடுத்தேன். அவ்வளவு தூரம் அழுதுகொண்டு வந்தவர்களோடு எப்படி வாதாடுவது? எங்கள் வீடுகளில் சாவன்று குரல் உயராது.

வண்டியில் ஏறச் சொல்வீர்கள் என்று கோட்டு மாட்டி நின்றிருந்தேன்.

அன்புடன்,
இசொபெல்


ஹோக்கியாங்கா
20 மார்ச்

அன்புள்ள அண்ணி,

எழுதி எழுதிக் கிழித்தேன்.

எங்கள் குலத்தில் ஒருவர் இறந்தால் சொந்தம் வந்து உடலைக் கேட்கும். கேட்காவிட்டால்தான் அவமானம். மனைவி விடக்கூடாது. விடிய விடிய மல்லுக்கட்ட வேண்டும். அதுதான் இறந்தவனுக்கு மரியாதை. பெரியப்பா தோற்கத்தான் வந்தார்.

திரும்பும்போது வண்டியில் சொன்னார்: "ரெண்டு நாள் சண்ட போடலாம்னு வந்தேன். அந்த வெள்ளைக்காரி பிஸ்கட்டையும் குடுத்து, புள்ளையையும் குடுத்துட்டா. யாருக்கும் வேண்டாதவனாப் போயிட்டானே." அதனால்தான் உங்களை ஏறச் சொல்லவில்லை.

உங்களுக்கு இது தெரியாதென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். 'விடாதீங்க அண்ணி' என்று காதில் சொல்லியிருக்கலாம். அண்ணன் ஊருக்கு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல் திறப்பு ஆகஸ்டில். வாருங்கள் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

மெரெயானா


டனீடின்
11 ஜூன்

மெரெயானா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறை. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள். "என்னாச்சு, கெட்டில் சுட்டுடுச்சா?" ஆமாம் என்றேன்.

ஆகஸ்டில் வருகிறேன். பெரியப்பாவிடம் சொல். பரடேன் என்னுடையவர். தர மாட்டேன்.

இசொபெல்


ஹோக்கியாங்கா
23 ஜூன்

அன்புள்ள அண்ணி,

பெரியப்பா நெஞ்சுச் சளியோடு படுக்கையில் இருக்கிறார். உங்கள் கடிதத்தை வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். எழுந்து உட்கார்ந்தார்.

"நாங்களும் விட மாட்டோம்னு எழுது. நேர்ல வந்து கத்தட்டும்."

அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பையன்களிடம்: "அவன் கல்லறைக்குப் பக்கத்துல அவளுக்கு ஒரு ஆள் இடம் விட்டு வைங்கடா."

என்னைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

நீங்கள் வந்திறங்கும்போது படகுத்துறைக்கு நான் வரட்டுமா? வேறு யாரையாவது அனுப்பட்டுமா?

மெரெயானா