அண்ணியின் போனுக்குப் போன மனசு

நாள் 1. காலை 7.10. தூக்கம் 4 மணி. மனநிலை: அமைதி.
கேட்கிறவர் யாராக இருந்தாலும், நல்லா இருக்கிறீர்களா? சாப்பிட்டாயிற்றா? நான் நாச்சிமுத்து. தூக்கம் வராதவர்களுக்கென்று முகாம் போட்டு நெற்றியில் இந்தப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். மூளையில் ஓடுவதை எழுதிக்கொள்ளுமாம். முப்பது நாள் கழற்றக்கூடாது, தினமும் இதனிடம் பேச வேண்டும். போன் நம்பர் கேட்டார்கள். என்னிடம் ஏது? ரேஷனுக்கும் கேஸுக்கும் கொடுக்கிற அண்ணி பாவாயி நம்பரையே கொடுத்துக் கைநாட்டும் வைத்தேன்.

நாள் 9. காலை 6.50. தூக்கம் 5 மணி. மனநிலை: கோபம்.
அண்ணன் செங்கோடனுக்கும் எனக்கும் கிணறு ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் எருமை என் வாய்க்காலை மிதித்தது. நல்ல எருமைதான், கறக்கும்போது காதை ஆட்டும். அதை விடுங்கள், பேச்சு நின்று ஆறு வருஷம். அண்ணி மட்டும் வேலி வழியாகக் குழம்பு கொடுப்பாள். இன்று கேட்டாள்: “அவிய மொற வந்தாப் போதும், உங்களுக்கு ஏந் தம்பி இத்தனை கோவம்?” முகத்தில் தெரிகிறது போல என்று விட்டுவிட்டேன்.

நாள் 17. மாலை 4.35. தூக்கம் இல்லை. மனநிலை: துக்கம்.
அண்ணன் போய்விட்டார். நேற்று மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சுவலி. பிள்ளை இல்லாத மனுஷன். காலையில் எடுத்தோம். வாய்க்கரிசி போட்டு அழுதேன். நிஜ அழுகைதான். ஆனால் அரிசி விரலை விட்டு நழுவும்போது, இனிமேல் தண்ணீர் முழுக்க நமக்குத்தான் என்று ஒரு நினைப்பு. ஒரு மூச்சு நேரம். தலைத்துண்டுக்குள் பட்டை இருந்தது.

நாள் 18. காலை 9.20. தூக்கம் இல்லை. மனநிலை: பயம்.
பயம் இல்லை. வெட்கம். அந்தச் சொல் இதற்குத் தெரியாது. பால் தெளித்துவிட்டு வந்தோம். அண்ணிக்கு எழுத்துத் தெரியாது, போன் படித்துச் சொல்லும். அடுப்படியில் சொல்லிற்று: “நாச்சிமுத்து அவர்களே, நேற்றுக் காலை 10.40க்கு உங்கள் மகிழ்ச்சி இந்த மாதத்தின் உச்சத்தைத் தொட்டது. வாழ்த்துகள்!” அண்ணி சட்டென்று போனைப் புடவைக்குள் பொத்தினாள். பதினெட்டு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நாள் 18. காலை 11.05. மனநிலை: பயம்.
மாட்டுக் கொட்டகையில் நிற்கிறேன். வாசலில் அண்ணியின் அண்ணன்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளையும் அண்ணனின் காடு தோட்டத்தையும் என் பொறுப்பில் விடலாமா என்று கேட்கப்போகிறார்கள். பெரியவர் சொல்வது இங்கே கேட்கிறது: “நாச்சிமுத்து மனசுல கள்ளங்கபடம் இல்லாத ஆளு.” பட்டையைக் கழற்றி எருக்குழியில் போட்டுவிட்டுப் போகலாம் என்று கை வைத்தேன்.

அண்ணி கூப்பிடுகிறாள்: “தம்பி, அதக் கழட்டாம வாங்க. பாத்துக்கறேன்னு நீங்க சொல்றப்ப போனு என்ன சொல்லுதுன்னு எல்லாரும் கேக்கட்டும்.”

இதோ வந்துட்டேன் அண்ணி. கேட்கிறவரே, வாயால் சொல்லிவிடுவேன். உள்ளே என்ன ஓடும் என்று எனக்கே