மாத்திரையை நிறுத்திவிட்டார்

பாபநாசம்

அன்புள்ள ஆண்டனி அண்ணனுக்கு,

உங்கள் தங்கை அமலி எழுதுவது. சுகம் என்று எழுத மனசு வரவில்லை. நீங்களாவது துபாயில் நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் உங்கள் மச்சான் சட்டைப் பையில். அதனால்தான் லீவு முடிந்து துபாய் திரும்பும் பக்கத்து வீட்டு ஃபிளோராவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விட்டபாடில்லை. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிகாலை நான்தான் வெட்டிவிட்டேன், அவரால் மண்வெட்டி தூக்க முடியவில்லை. போன மாதம் வாய்க்கால் கரையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தஞ்சாவூரில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் சுரக்கும் அமிலம் வயிற்றையே சுடாமலிருக்க, உள்ளே வழுவழுப்பாக ஒரு படலம் இருக்குமாம். குடித்துக் குடித்து அது அரித்துப்போய்விட்டதாம். திரையில் நானும் பார்த்தேன். நடவு நேரத்தில் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் போல வெந்து சிவந்து கிடந்தது. இனி ஒரு சொட்டுகூடக் கூடாது, மறுபடி ரத்தம் வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவர் சாராயக் கடைப்பக்கம் போகவில்லை. குழைந்த சோறும் மாத்திரையும்தான். எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. அப்போதுதான் கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், வழக்கம்போல ரெண்டு பாட்டில் வாங்கி வருவதாகவும் நீங்கள் போன் செய்தீர்கள்.

மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், “மாத்திரையும் சரக்கும் ஒண்ணா உள்ள போகக் கூடாதுடி. மச்சான் வர்றதுக்குள்ள மருந்து உடம்ப விட்டு எறங்கணும்” என்கிறார். கடைச் சரக்குதான் வயிற்றை அரிக்குமாம், ஃபாரின் சரக்கு சுத்தமாம். என்ன பேச்சு இது! தலையில் அடித்துக்கொண்டேன். எந்த நாட்டுச் சரக்கானாலும் வயிற்றுக்கு ஒன்றுதான் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் வீண். எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. இனி நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆசையாகத்தான் வாங்கி வருகிறீர்கள். ஆனால் இதைப் படித்த உடனே அவருக்குப் போன் செய்து, பாட்டில் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மாத்திரையைக் கையில் எடுப்பார். கோபித்துக்கொள்வார், விருந்தன்று உங்களோடு இலையில்கூட உட்கார மாட்டார். பரவாயில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் உங்களைக் கோபித்துக்கொள்ள அவர் இருக்க வேண்டும்.

மாதா உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், வெறுங்கையோடு.

உங்கள் தங்கை
அமலி