பாப்பா பாடாத மூன்றாவது வரி

கோலாலம்பூர் ஆஸ்பத்திரி,
சாயங்காலம்.

அன்பு மகன் முகுந்தனுக்கு அம்மா எழுதுவது. ஆக்லாந்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் உன் தங்கை காதில் விழும், எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நாளைக் காலை நம் பாப்பா விஷ்ணுப்ரியாவுக்குத் தலையில் ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். கட்டி பேச்சு வரும் இடத்தை ஒட்டி இருக்கிறதாம், எடுத்த பிறகு பேச்சு வராமல் போகலாம், எத்தனை நாளைக்கு என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் இன்று மத்தியானம்தான் சொன்னார். பண்டமாரானில் ஓட்டிக்கொண்டிருந்த லோரியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்த உன் அப்பா, டாக்டரிடம் தலையாட்டிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் போய்த் தனியாக நிற்கிறார். தம்பி, பயமாக இருக்கிறது, வேறு சொல் தெரியவில்லை.

இதில் நேற்று நான் பண்ணிய கூத்தையும் கேள். இந்த வார்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டுக் கட்ட உஷாராணி என்ற பெண் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருகிறாள். கையோடு கொண்டுவரும் சின்ன கிட்டாரைக் கிருமி மருந்து போட்டுத் துடைத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்து, நீ சொல்லும்மா, நான் வாசிக்கிறேன் என்பாள். மெஷின் போடுகிற பீப் சத்தத்தையே தாளமாக வைத்து உன் தங்கை, ஊசி வந்தா ஓடமாட்டேன், மைலோ வந்தா விடமாட்டேன் என்று, தான் தினமும் குடிக்கிற மைலோவையும் சேர்த்துக் கட்டினாள் பார், வார்டே சிரித்தது. மூன்றாவது வரியை அண்ணன் வந்தா என்று அவள் எடுத்தபோது உஷாராணி பதிவு செய்யப் போனைத் தூக்கினாள். எனக்குக் குமுதா ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் இதே வார்டில் மகனைப் பறிகொடுத்தவள். நர்ஸுகளைப் பார்க்க வந்திருந்தபோது, அவன் இங்கே பாடியதைப் போனில் போட்டுக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண்ணெதிரே இருக்கும்போதே குரலை எடுத்து வைப்பதா என்று மனம் பதறி, வேணாம் லா, ஒண்ணும் பிடிக்காதீங்க என்று கத்திவிட்டேன். பாவம் உஷாராணி, சாரி அக்கா என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டாள். பாப்பாவும் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஓடிப்போய், முழுசாகப் பாடிக் காட்டும்மா என்று கெஞ்சினேன். நீங்கதானே வேணாம்னீங்க, இனிமே அண்ணன் கேட்டாதான் பாடுவேன் என்கிறாள். பிடிவாதம் உங்கள் அப்பா வீட்டுச் சொத்து. அந்த வரி இப்போது அவள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, நாளைக்கு அங்கேதான் கத்தி வைக்கப் போகிறார்கள்.

நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே. ஆனால் இதைப் படித்ததும், அவள் தூங்குவதற்குள் கூப்பிடு. டாக்டர் சொன்னதை முகத்தில் காட்டாதே. பாடச் சொல்லு, அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்துகொள். ஆனால் அதை எனக்கு அனுப்பிவிடாதே. அவள் கண் விழித்துத் தன் வாயால் பாடிய பிறகுதான் நான் கேட்பேன், அதுவரை அது உன்னிடமே இருக்கட்டும்.

முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருப்பான். கூப்பிடும் முன்னே போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள் ஐயா, பாதியில் நின்றுவிடக் கூடாது.

உன் அம்மா,
ரமணி